அச்சுத் தோல் கிழிந்த நாள்

எங்கள் அப்பாவுக்கு அம்மாவைவிட அந்த வண்டியின் மேல்தான் பிரியம் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அம்மாவே அதை மறுத்ததில்லை. ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் சீமைக்குத் திரும்பும்போது அப்பாவிடம் விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் மூடியைத் திறந்தால் டிக்கியில் இன்னும் இரண்டு பேர். அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகும் சாலையில் ஆறு மைல் தள்ளி எங்கள் ஊர். வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் அது நிற்கும்.

மற்ற மோட்டார்களைப் போல் அல்ல, முன்சக்கரங்கள் இழுத்துப்போகும் வண்டி. சக்கரத்துக்குப் போகும் அச்சு மடங்குகிற இடத்தில் ஒரு தோல் உறை, உறைக்குள் கிரீஸ். "தோலு கிழிஞ்சா கிரீஸ் ஒழுகிடும். கிரீஸ் ஒழுகிட்டா மூட்டு தேஞ்சுடும். அப்புறம் ஒரு பர்லாங்குகூட ஓட்டக் கூடாது" என்று வெள்ளைக்காரர் சொன்னதை அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பால் கறக்க வருகிறவருக்குக்கூட அது மனப்பாடம். அத்தைக்கும்தான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் அது வீட்டில் எல்லோரையும் தூக்கம் கெடுக்கிற வயது. மூன்று இடத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏதோ காரணத்தால் மூன்றும் தட்டிப்போயின. பெண் நிமிரக் கூடாது. காப்பித் தட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். ஒரு நாள் எனக்குத் தலை பின்னும்போது அத்தை சொன்னாள்: "மூணு பேரு என்னைப் பாத்துட்டுப் போனாங்கடி. நான் பாத்தது மூணு ஜோடிக் காலு. அடுத்து வர்றவரு மொகத்தைப் பாக்காம நான் சம்மதிக்க மாட்டேன்." அவளுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

நான்காவதாக வந்தவர் திருச்சி ரயில்வே பட்டறையில் பிட்டர். யுத்த காலம், ஒரு நாளுக்கு மேல் லீவு கிடையாது. காலை ரயிலில் வந்தவர்களை அப்பா அரியலூர் ஸ்டேஷனிலிருந்து வண்டியில் அழைத்து வந்தார். முன்னால் மாப்பிள்ளையின் அம்மா, பின்னால் டிக்கியில் மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும். இறங்கும்போது பின்னால் இருந்த இருவரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் போல் இருந்தார்கள். சுண்ணாம்புக்கல் புழுதி.

அம்மா வடை பாயசத்தோடு விருந்தே சமைத்திருந்தாள். ஆனால் அவர்கள் சாப்பிட மாட்டார்களாம். பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதாம், காப்பியோடு சரியாம். சாப்பிடாத விருந்தை எதற்குச் சமைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வடை எல்லாம் எனக்குத்தான் என்பதால் நானும் கேட்கவில்லை.

அத்தை பட்டுப் புடவையில் வந்தாள், கும்பிட்டாள், போனாள். கூடத்தில் பெரியவர்கள் ஜாதகத்தை விரித்தார்கள். நான் வடைக்காக அடுக்களைக்குப் போனபோது அத்தை கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்தாள். ஒரு கையில் காய் நறுக்கும் கத்தி. விரலெல்லாம் கறுப்பு.

"என்ன அத்தை?"

"சட்டி தேச்சேன்" என்றாள்.

பட்டுப் புடவையோடு யார் சட்டி தேய்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கவனமெல்லாம் வடையில் இருந்தது.

"ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். அப்பா வண்டியை எடுக்கப் போனார். போனவர் அலறிக்கொண்டு திரும்பி வந்தார். முன்சக்கரத்தின் அடியில் கிரீஸ் கொட்டிக் கிடந்தது. யுத்த நேரத்தில் சீமைத் தோல் உறைக்கு எங்கே போவது? அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு கொட்டகையின் குறட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையாக வந்த ரயில்வேக்காரர் சட்டையைக் கழற்றி வண்டியின் கண்ணாடியில் மாட்டினார். எங்கள் பக்கத்து வயல்களில் கிடைக்கும், கல்லாய்ப்போன பழங்கால மரத்துண்டு ஒன்றைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். கிழிந்த தோலை அவிழ்த்து வெளியே எடுத்து, அதன் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"கத்தியால அறுத்த மாதிரி இருக்கு" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுக்களை ஜன்னலைப் பார்த்தார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. "பழைய தோலுங்க, இத்துப் போச்சு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அதை மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அளவுக்காக என்று நினைத்தேன்.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைச் சாலின் அடியில் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் தொங்கும். கொட்டகையில் கிடந்த பழையது ஒன்றை எடுத்து அவர் நறுக்கினார். கோணி ஊசி வேண்டும் என்று என்னை அனுப்பினார். ஊசியோடு அத்தை ஜன்னலருகிலேயே நின்றிருந்தாள்.

"கோவமா இருக்காரா?"

"இல்ல, சீட்டியடிக்கிறாரு."

பாவம் அப்பா, உதவுகிறேன் என்று போய் ஸ்பானரை ரயில்வேக்காரரின் விரல் மேலேயே போட்டுவிட்டார். அத்தை என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்று.

"'பரவால்லீங்க, இன்னும் ஒம்போது இருக்கு'ன்னாரு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவள் அங்கே நிற்கலாம், யாரும் கவனிக்கவில்லை.

அவர் தோலைச் சுற்றித் தைத்தார். வழித்தெடுத்த கிரீஸோடு மாட்டு வண்டிக்குப் போடும் வண்டி மையையும் குழைத்து உள்ளே அடைத்தார். இரண்டு முனையையும் கம்பியால் இறுக்கி முடித்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அவருடைய அம்மா புறப்படலாம் என்றார்.

அத்தை என் காதில் சொன்னாள்: "போயி அவரைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

"யாரு சொன்னாங்கன்னு கேட்டா?"

கொஞ்சம் யோசித்தாள். "அத்தைன்னு சொல்லு."

கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது நான் உரக்கச் சொன்னேன். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். தாய்மாமன் தொண்டையைச் செருமினார். எல்லோரும் ரயில்வேக்காரரைப் பார்த்தார்கள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்தது.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மெல்லத் தலையசைத்தார்.

"எனக்கும் பசிக்குதுங்க. எலையைப் போடுங்க" என்றார் அவர்.

அதற்கு ஏன் எங்கள் அம்மா அழுதுகொண்டே பரிமாறினாள், அப்பா ஏன் வண்டியை மறந்துவிட்டு அவருக்கு விசிறினார் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. ஐந்து வடை போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது. மோர் ஊற்ற அம்மா அத்தையையே அனுப்பினாள். அத்தை நேராக நிமிர்ந்து வந்தாள். இலையின் மேல் நீட்டிய அவர் கையிலும் செம்பைப் பிடித்திருந்த அவள் கையிலும், எவ்வளவு கழுவியும் போகாத கறுப்பு விரல் இடுக்கில் இருந்தது. சட்டிக் கரியும் மோட்டார் கிரீஸும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.