வரைபடத்தில் ஒரு நீலப் பொட்டு

பனமரத்துப்பட்டி ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்த வருடம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் நான் காவலாள். படிப்பு குறைவு. நடந்ததை எழுதுகிறேன்.

பண்ணைக்குள் கம்பி வேலி போட்டு ஒரு மழைமானி வைத்திருந்தார்கள். மேலே புனல். அதில் விழும் மழையை அதுவே அளந்து, அதுவே ஆபீசுக்கு அனுப்பிவிடும். வேலிச் சாவி மட்டும் என்னிடம்.

ஒருநாள் ஊர்ப் பெண்கள் வீடு வீடாக மழைச்சோறு வாங்கினார்கள். மழை வேண்டி, உப்பில்லாமல் பிசைந்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவியும் சேர்ந்து, பண்ணை வேப்பமரத்தடியில்தான் சாப்பிட்டார்கள். நான் மோட்டார் பார்க்கப் போயிருந்தேன். சாவி ஆணியில் தொங்கியது.

மறுநாள் ஜீப்பில் ஒரு பெண் வந்தாள். சின்ன வயது. நாடு முழுக்க எவ்வளவு மழை பெய்கிறது, வெயில் எவ்வளவு குடிக்கிறது, மண்ணுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று இந்த மானிகளின் கணக்கை வைத்து வரைபடம் போடும் வேலையாம்.

"ஏனுங்க, சுத்துப்பட்டே காஞ்சு கெடக்குது. உங்க ஊர்ல மட்டும் மழைன்னு காட்டுதுங்களே?"

புனலை எட்டிப் பார்த்தாள். மஞ்சள் கறை. ஒரு வேப்பிலை.

என் மனைவி முன்னால் வந்தாள். "நாந்தான் ஊத்துனேன் சாமி. மழையச் சொல்லி அனுப்பற மெசினாமா. ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புட்டா, மேல சொல்லுமேன்னு..."

வேலை போச்சு என்று நின்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"சொல்லிருச்சுங்க அக்கா. எங்க ஆபீசுக்கு."

செல்போனில் வரைபடத்தைக் காட்டினாள். எங்கும் பழுப்பு. நடுவில் எங்கள் ஊர் மட்டும் நீலப் பொட்டு. மனைவி விரலால் தொட்டாள். படம் நகர்ந்தது. பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"இத அழிச்சுருவியா கண்ணு? ரண்டு நாளு இருந்துட்டுப் போகட்டுமே."

"இருந்தா உங்க ஊர வறட்சியில சேக்க மாட்டாங்க அக்கா. தண்ணி லாரி வராது."

குடிக்க அந்த லாரியை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. மனைவி இன்னொரு முறை அந்தப் பொட்டைப் பார்த்தாள்.

"அப்ப அழிச்சுரு சாமி," என்றாள் மனைவி.

அவளே புனலைத் துடைத்தாள். அந்தப் பெண் என்மேல் எதுவும் எழுதவில்லை. லாரி வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடிந்ததும் போன். அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண். மனைவி கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னவாம்?"

"மறுக்கா நீலமாயிருச்சாமா. இந்தத் தடவ அழிக்க மாட்டாளாமா."

மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போதும் முதல் தூறல் விழுந்தால், எங்கோ ஒரு படத்தில் எங்கள் ஊர் நீலமாகிக்கொண்டிருக்கும் என்று தோன்றும். அதை அவளிடம் சொல்லத்தான் திரும்புகிறேன்.