திருடன் சாப்பிடப் போகும் நேரம்

என் மனைவிக்கு ஒரு திருடனைத் தெரியும். நான் எப்போது சாப்பிடுவேன் என்று கேட்டால் யோசிப்பாள். அவன் எப்போது சாப்பிடுவான் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். அவன் முகம் தெரியாது, ஊர் தெரியாது, தினமும் எந்த நேரத்தில் அவன் நடமாட்டம் நிற்கும் என்பது மட்டும் தெரியும். பிறர் கணினிகளுக்குள் புகுந்து, எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் கும்பலில் ஒருவன். அப்படிப்பட்டவர்களின் நடமாட்டத்தைக் கவனித்து, அடுத்து எங்கே கை வைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவள் உத்தியோகம். மருமகள் கம்ப்யூட்டர் போலீஸ் என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். திருத்திப் பார்த்தோம், பலிக்கவில்லை.

முதலில் ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள். ஏமாந்தவர்களின் அழுகையைக் கேட்டுக் கேட்டே, ஏமாற்றியவன் பல இடங்களில் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடித்தாள். அதைப் போய்ச் சொன்னதற்கு, உன் வேலையைப் பார் என்றாராம் மேலாளர். சரி, அதையே என் வேலையாக்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் அந்தத் திருடன் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் கணினிகளுக்குள் நுழைந்திருந்தான். இன்னும் பூட்டவில்லை. எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது விரட்டினால், ஆத்திரத்தில் அந்த நிமிடமே பூட்டிவிடுவான். அவன் சாப்பிடப் போகட்டும், அந்த நேரத்தில் எல்லா வழிகளையும் ஒன்றாக அடைத்துவிடலாம் என்றாள் இவள். திருடனுக்குச் சாப்பாட்டு நேரமா என்று மருத்துவமனை நிர்வாகி வாயைப் பிளந்தார்.

"ஏன் சார், அவனுக்கு மட்டும் பசிக்காதா?"

அன்றைக்குப் பார்த்து அவன் எழுந்திருக்கவில்லை. வழக்கமான நேரம் தாண்டியும் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மேய்ந்துகொண்டே இருந்தான். அறையில் இருந்தவர்களெல்லாம் இவள் முகத்தையே பார்த்தார்கள். இப்போதே அடைத்துவிடலாம் என்று நிர்வாகி நெருக்கினார். இவள் கூடாது என்றாள். திடீரென்று திரையில் அசைவு நின்றது. சாப்பிடப் போய்விட்டானா, போன் பேசுகிறானா, யார் கண்டது?

"இப்ப அடைங்க."

அடைத்தார்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவன், ஒவ்வொரு வழியாக முட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். ஒரு குழந்தைக்கும் ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை. எப்படியம்மா இவ்வளவு உறுதியாக இருந்தீர்கள் என்று நிர்வாகி கேட்டாராம். இவள் சிரித்து மழுப்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா டீயைக் கொடுத்துவிட்டு, செய்தியைப் பரப்ப அவசரமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அதற்காகவே காத்திருந்ததுபோல் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. குத்துமதிப்பாத்தான் சொன்னேன். தப்பாயிருந்தா அந்தப் பிள்ளைங்க..."

அழுதுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆறுதல் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நானும் தரையில் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வேற யாராவது கேப்பாங்க. நாளைக்கும் தெரிஞ்ச மாதிரியேதான் சொல்லணும்."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?