விட்டுப்போன ஐந்து ஊசி

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் புடைக்கிற பெண்களில் செண்பகத்திடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் கிடையாது. எடை போடுகிற ஆள் தராசில் விரல் வைத்தால் தட்டிவிடுவாள். வியாபாரி ஈரம் என்று சொல்லி மூட்டையைத் தள்ளினால், முன்பின் தெரியாத விவசாயிக்காகச் சண்டைக்கு நிற்பாள். வயது முப்பத்துநான்கு. ஒலக்கூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் வீடு. புருஷன் தென்னரசு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் தங்கினால் அதிகம். ஒரே மகள் கலைப்பிரியா. இவ்வளவு வாய் உள்ளவள், பேசியே தீரவேண்டிய ஒரு சமயத்தில் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கதைதான் இது.

கலைப்பிரியாவுக்கு ஏழு வயது இருக்கும்போது தொடங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். படுக்கையை நனைத்தாள். தின்றதெல்லாம் எங்கே போனதோ, எலும்பும் தோலுமாக ஆனாள். தென்னரசுவின் அண்ணன் மனைவி வெள்ளையம்மாள் அடுத்த வீடு. “மிட்டாய வாங்கிக் குடுத்துக் குடுத்தே புள்ளைக்கு சக்கரைய வரவழைச்சுட்டா” என்று தெருவெல்லாம் சொல்லி முடித்தாள். செண்பகமும் அதை நம்பிக்கொண்டுதான் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அங்கே டாக்டர் அருணா ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

“மிட்டாயால வரலைம்மா. ரத்தத்துல வெள்ளை அணு இருக்கு இல்ல, அதுல டி செல்லுன்னு ஒரு வகை. கிருமி புகுந்த இடத்தைத் தேடிப் புடிச்சுக் கொல்றதுதான் அதோட வேலை. எது நம்முது, எது வெளியில இருந்து வந்ததுன்னு நெஞ்சுக்குள்ள ஒரு சுரப்பியில அதுக்குப் பாடம் நடக்கும். பாடம் ஏறாததை உடம்பு அங்கியே அழிச்சிடும். சிலது தப்பிச்சு வந்துடும். அதை அடக்கி வைக்க வேற செல்லு இருக்கு. பாப்பாவுக்கு அந்த அடக்குற செல்லு சரியா வேலை செய்யல. தப்பிச்சு வந்ததுங்க கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லையே எதிரின்னு நெனச்சுக் கொன்னுடுச்சுங்க.”

“எல்லாத்தையுமா மேடம்?”

“பெரும்பாலும். தாகம் எடுக்கும்போதே முக்காவாசி போயிருக்கும். மாசக்கணக்கா உள்ள நடந்திருக்கு. உங்களுக்குத் தெரிய வழியே இல்ல.”

செண்பகத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது காலனியில் கல்லெறி நடந்தது. பாதுகாப்புக்கென்று போலீஸ் வேனில் வந்து இறங்கியவர்கள், மண்டை உடைந்து கிடந்தவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அவனையும் அவன் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

“காவலுக்கு வந்தவனே அடிச்சுப் போட்டுட்டான். அதான மேடம்?”

“அதேதான்.”

“அந்த வெள்ளை அணுவ எதுனா மருந்து குடுத்து நிறுத்தக் கூடாதா?”

“மொத்தமா நிறுத்திட்டா சாதாரணக் காய்ச்சலே புள்ளைய கொண்டுபோயிடும். ஆராய்ச்சி நடக்குது. இப்போதைக்கு இன்சுலின்தான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. காய்ச்சல் வந்தாலும் சரி, வாந்தி எடுத்தாலும் சரி, சாப்பிடவே இல்லைன்னாலும் சரி, நீங்களா நிறுத்தக் கூடாது. எனக்குப் போன் பண்ணுங்க, அளவு நான் சொல்றேன்.”

அன்றிலிருந்து இரண்டு வருஷம் செண்பகம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள். ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளையைத் தனியாக உட்கார வைத்த டீச்சரைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டாள். முதல் வருஷத்தில் சில மாதம் ஊசியின் அளவு பாதிக்கும் கீழே குறைந்தது. சாகாமல் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் செல்கள் தலைதூக்கியிருக்கின்றன, அதையும் அந்த வெள்ளை அணுக்கள் முடித்துவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெள்ளையம்மாளோ தன் வேண்டுதல் பலித்துவிட்டதென்று ஊசியை நிறுத்தச் சொன்னாள். “ஒங்க வேண்டுதல ஒங்க மூட்டு வலிக்கு வெச்சுக்கங்கக்கா” என்று இவள் கதவைச் சாத்தினாள். மிஞ்சிய அந்தச் செல்களும் தீர்ந்து மறுபடி அளவு ஏறியபோது வெள்ளையம்மாள் இந்தப் பக்கமே வரவில்லை. அப்பேர்ப்பட்ட செண்பகம்தான் இந்தப் பங்குனியில் விழுந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம். பிள்ளைக்குச் சட்டை மாற்றும்போது பார்த்தாள். கழுத்தில் இரண்டு, வயிற்றில் நான்கு, நீர் கோத்த கொப்புளம். அம்மை.

அரை மணி நேரத்தில் வீட்டு வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. வெள்ளையம்மாள் வந்தாள், குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“ஆத்தா வந்து எறங்கியிருக்கா. தாளிக்காத. யாரையும் உள்ள சேக்காத. முக்கியமா அந்த ஊசிய எடுத்துக்கினு பக்கத்துல போயிடாத. ஆத்தா இருக்கிற ஒடம்புல இரும்பு படக் கூடாது.”

வேறு எந்த விஷயமாக இருந்தாலும் செண்பகம் அவளை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டாள். இதில் மட்டும் அவளுக்கு நாக்கு எழவில்லை. அவளுடைய தம்பி ரஞ்சித்துக்கு ஐந்து வயதில் தட்டம்மை வந்தது. அப்பா அவனைத் திண்டிவனத்தில் ஒரு கம்பவுண்டரிடம் தூக்கிப்போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் விடியும்போது பிள்ளை இல்லை. அம்மைதான் கொன்றது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியும். செண்பகத்தின் அம்மா மட்டும் சாகிறவரைக்கும் “ஆத்தா இருந்த ஒடம்புல ஊசிய ஏத்துனோமே” என்று மாரில் அடித்துக்கொண்டு கிடந்தாள். அந்தச் சத்தம் செண்பகத்தின் காதைவிட்டுப் போனதே இல்லை.

தென்னரசு விஜயவாடாவிலிருந்து போனில் பேசினான். “அண்ணி சொல்றதக் கேளு செம்பகம். மூணாம் நாளு தண்ணி ஊத்துனதும் போட்டுக்கலாம். புள்ள சாப்புடவும் இல்லன்ற. சாப்புடாம ஊசி போட்டா சக்கர எறங்கி மயக்கம் வந்துடும்னு நீதான சொல்லுவ?”

அது நல்ல சாக்காக வாய்த்தது. செண்பகம் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நம்பர் போனிலேயே இருந்தது. அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் டாக்டர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் கூப்பிடவில்லை.

மணி ஏழானதும் கலைப்பிரியாவே கேட்டாள்.

“அம்மா, இன்னும் ஊசி போடல?”

“ஆத்தா வந்திருக்கா கண்ணு. இப்ப குத்தக் கூடாது.”

“நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே.”

“ரெண்டு நாளுதான். தண்ணி ஊத்திட்டுப் போட்டுக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டாள். சாயங்காலம் வயிறு வலிக்கிறதென்று சொல்லிவிட்டுக் கேட்டாள். திங்கட்கிழமை காலையில், “கொஞ்சமாவது போடும்மா” என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். செண்பகம் வேப்பிலையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்திருக்கலாம். அதுவும் இரும்பு என்று அதையும் விட்டாள். திங்கட்கிழமை சாயங்காலம் பிள்ளை கேட்கவில்லை. கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் ஊற்ற நான்கைந்து பெண்கள் மஞ்சளும் வேப்பிலையுமாக வந்துவிட்டார்கள். கலைப்பிரியா கண்ணை மூடிக் கிடந்தாள். மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, நெஞ்சு ஏறி ஏறி இறங்க வந்துகொண்டிருந்தது.

“பாரு, ஆத்தா மூச்சு வாங்குறா” என்றாள் வெள்ளையம்மாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு. “வாயில பழ வாசன வருது பாருங்கடி. கோவம் தணிஞ்சு சந்தோசமா இருக்கா.”

பழ வாசனை என்றதும் செண்பகம் குனிந்து முகர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு விழுப்புரத்தில் சேர்த்த அன்று பிள்ளையின் வாயில் இதே வாசனைதான். சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கிறது, ரத்தம் அமிலமாகிறது, அந்த வாசனை இது என்று நர்ஸ் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பெண்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்தாள். விரலில் குத்தினாள். மெஷினில் எண் வரவில்லை. அளவுக்கு மீறிப்போனால் காட்டுகிற இரண்டு இங்கிலீஷ் எழுத்து மட்டும் வந்தது.

“அடிப்பாவி, குத்திட்டியேடி!” என்று வெள்ளையம்மாள் கத்தினாள்.

“நவுருக்கா அந்தாண்ட! எம் புள்ள செத்துக்கினு இருக்கு!”

இந்தச் சத்தத்தை சனிக்கிழமையே போட்டிருக்க வேண்டும். நூற்றெட்டு வண்டி வந்து விழுப்புரம் போய்ச் சேரும்வரை அவள் தன்னையே கரித்துக்கொட்டிக்கொண்டு வந்தாள்.

பிள்ளை பிழைத்தாள். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து, நான்காம் நாள் கஞ்சி கேட்டாள். அன்றைக்குத்தான் டாக்டர் அருணா கட்டிலருகே வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“எத்தனை ஊசி விட்டீங்க?”

“ஒண்ணுதாங்க மேடம்” என்றாள் செண்பகம். ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

“அஞ்சு” என்றாள் கலைப்பிரியா, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். “காய்ச்சல் நேரத்துல உடம்புக்கு இன்சுலின் இன்னும் கூடத்தான் வேணும்மா. கொப்புளம் எல்லாம் நல்லாக் காஞ்சுடுச்சு. மருந்தும் குடுத்தோம், வெள்ளை அணுவும் இந்த வாட்டி எதிரியைச் சரியாப் பார்த்து அடிச்சிருக்கு. அம்மை இவளை ஒண்ணும் பண்ணல.”

அம்மை ஒன்றும் பண்ணவில்லை. அப்படியென்றால் பண்ணியது யார் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் செண்பகத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த அன்று வெள்ளையம்மாள் குங்குமத்தோடு வந்தாள். ஆத்தாதான் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள், ஆடியில் கூழ் ஊற்றிவிடு என்றாள். லாரியை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்த தென்னரசுவும் ஆமாம் என்று தலையாட்டினான். செண்பகம் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. பேசுகிற யோக்கியதை தனக்குப் போய்விட்டதாக அவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஏழு மணிக்கு மருந்தை ஊசியில் ஏற்றி, தட்டிக் காற்றை வெளியேற்றி, எப்போதும்போல் பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கலைப்பிரியா சட்டையைத் தூக்கிக் காட்டவில்லை. கையை நீட்டினாள்.

“குடு. நானே போட்டுக்கிறேன்.”

“ஒனக்குத் தெரியாது கண்ணு. வலிக்கும்.”

“ஆஸ்பத்திரில நர்ஸக்கா சொல்லிக் குடுத்தாங்க.”

ஒன்பது வயதுப் பிள்ளை ஊசியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, மருந்து எந்தக் கோடு வரை இருக்கிறது என்று இரண்டு முறை சரிபார்த்தது. பிறகு தொடையில் தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டதே தவிர அழவில்லை. ஊசியைக் குப்பை டப்பாவில் போட்டது. அம்மாவின் பக்கத்தில் இருந்த மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டது. ஈரத்துணியில் சுற்றித் தன் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தது.

“அது எதுக்குடி ஒங்கிட்ட? நான் பத்திரமா வெச்சிருக்க மாட்டனா?” செண்பகம் பையின் பக்கம் கையை நீட்டினாள். “அம்மா மேல அவ்ளோ கோவமா?”

“கோவம் இல்லம்மா” என்றாள் கலைப்பிரியா. பையைத் தன் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். “நான் கேட்டேன். நீ போடல.”