எழுத்துக்குப் பூ வைத்த ரோசலி

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்காக ஓசூர் ரோடு நெடுகத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்களே, அந்தக் காலம். வருஷம் எனக்குச் சொல்லத் தெரியாது. பொம்மசந்திராவில் பஸ் ஏறினால் சில்க் போர்டு வருவதற்குள் ஒரு தூக்கம் தூங்கி, எழுந்து, பக்கத்து ஆளோடு சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடலாம். அப்படி ஒரு நெரிசல், அப்படி ஒரு புழுதி. அதில் மாட்டிக்கொண்ட யாராவது உங்களில் இருந்தால் வருஷத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் மருமகள். அவள் கம்பெனி வேலை பார்ப்பது இத்தாலிக்காரர்களுக்கு. போன வாரம் சோபாவில் உட்கார்ந்து போனில் அவர்கள் பாஷையில் என்னவோ அடித்துக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். உடனே அதே எழுத்து மேலே நாலைந்தாக முளைத்து நின்றது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோடு, ஒன்று இப்படிச் சாய்ந்து, ஒன்று அப்படிச் சாய்ந்து. வேண்டியதைத் தொட்டாள். முடிந்தது.

"இவ்ளோதானாம்மா?" என்றேன்.

"எது மாமா?"

"அந்தக் கோடு போடறது."

"ஆமா மாமா. அழுத்திப் பிடிச்சா வந்துடும். ஏன் கேக்கறீங்க?"

சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து உட்கார்ந்து, "இப்போ சொல்லுங்க மாமா, அடிக்கறேன்" என்றாள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். என் பேச்சைக் கொஞ்சம் நல்ல தமிழாக்கி அவள்தான் அடிக்கிறாள். ஏதாவது தப்பிருந்தால் அவள் தலையில் போடுங்கள்.

நான் வேலை பார்த்தது கல் ஃபேக்டரியில். கறுப்புக் கல். சமையலறை மேடைக்கு என்று நினைப்பீர்கள், இல்லை. கல்லறைக்கு. இத்தாலியில் யாராவது செத்தால் அவர்கள் பெயர் பொம்மசந்திராவுக்கு வரும். கல்லில் ஏறி, மரப்பெட்டிக்குள் வைக்கோல் மேல் படுத்து, மெட்ராஸ் போய்க் கப்பல் பிடிக்கும். இத்தனை தூரம் போய்ச் சேருவதற்குள் வருஷமே திரும்பிவிடாதா என்று கேட்பேன். "அதுக்குள்ள அவங்க எங்கடா எழுந்து போயிடப் போறாங்க?" என்பான் முனிரத்னம். அவனும் நானும் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரே லாரியில் வந்து இறங்கியவர்கள். கல் அறுக்கும் இடத்தில் இருந்தான்.

என் வேலை மணல் அடிப்பது. ரப்பர் ஷீட்டில் எழுத்துகளை வெட்டிக் கல்மேல் ஒட்டிக் கொடுப்பார்கள். வெட்டின இடத்தில் ரப்பரைப் பிய்த்து எடுத்துவிட்டு, குழாயைப் பிடித்து மணலைக் காற்றோடு அடித்தால் கல் அந்த இடத்தில் மட்டும் குழியும். அந்த ரப்பர் பசை வாசனை இருக்கிறதே, இன்றைக்கும் சைக்கிள் கடை தாண்டும்போது மூக்கு நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் சோற்றிலும் அதே வாசனை. என் பெண்டாட்டி தலையணையை வெயிலில் போட்டுப் போட்டு அலுத்துப்போனாள். இத்தாலி எழுத்து அத்தனையும் என் விரல் நுனிக்குப் பழக்கம், ஆனால் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. ஒருமுறை வீட்டுக்குப் போகிறேன் என்று ஏறி அத்திப்பள்ளியில் போய் இறங்கினேன்.

அந்த ரப்பரை வெட்டுகிற மெஷினுக்கு எழுத்து அடித்துக் கொடுப்பவள்தான் ரோசலி. பெங்களூருக்குள் ஒக்கலிபுரத்துப் பெண். அம்மாவும் அவளும் மட்டும். அதற்கு முன்னால் கார்மெண்ட்ஸில் நாள் முழுக்க நின்றுகொண்டு காலர் தைத்தவள். கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க் கற்றுக்கொண்டு, நாற்காலி போட்ட வேலைக்கு வந்துவிட்டாள். அந்த நாற்காலியை அவள் தினமும் காலையில் துடைப்பதைப் பார்க்க வேண்டும். சாமி படத்தைக்கூட அப்படித் துடைக்க மாட்டார்கள்.

டீ குடிக்கும்போது கேட்போம்: "ரோசலி, இன்னிக்கு எத்தன பேரு போயிட்டாங்க?"

"எல்லாம் உங்க வயசுக்காரங்கதான் அண்ணா. பாத்து இருங்க."

அவளுக்கு ஒரு தொல்லை இருந்தது. இத்தாலிக்காரர்களின் பெயரிலும், கீழே எழுதுகிற வாசகத்திலும் சில எழுத்துக்குத் தலையில் சாய்வாக ஒரு சின்னக் கோடு வேண்டும். எங்கள் கீபோர்டோ இங்கிலீஷ் கீபோர்டு. அதில் அந்தக் கோடு எங்கேயும் கிடையாது. ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு, ஓரத்தில் இருக்கும் நம்பர்களை அடித்தால் வருமாம். அந்த ஓரத்து நம்பரெல்லாம் கல் மாவு புகுந்து செத்துப்போயிருந்தன. வேறு கீபோர்டு கேட்டாள். "ஓடற வரைக்கும் ஓடட்டும்மா" என்றார் முதலாளி.

அவள் என்ன செய்தாள் என்றால், எப்போதோ நம்பர் உயிரோடு இருந்த காலத்தில் அடித்த ஒரு பெயரை எடுத்து வைத்துக்கொண்டாள். நிக்கோலோ என்று ஒரு தாத்தா. கல்லும் அனுப்பியாகிவிட்டது, அவரும் அங்கே நிம்மதியாகப் படுத்திருப்பார். அவர் பெயரின் கடைசி எழுத்தில் கோடு உண்டு. புதுசாக யாருக்காவது அதே எழுத்து வேண்டும் என்றால், கம்ப்யூட்டரில் தாத்தாவைத் திறந்து, அந்த ஓர் எழுத்தை மட்டும் எடுத்து வந்து இங்கே ஒட்டுவாள். மற்ற எழுத்துகளுக்கு வேறு ஒரு பாட்டி, வேறு ஒரு அம்மா. இப்படிச் செத்தவர்களிடம் வாங்கிச் செத்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோடு என்று சொல்ல மாட்டாள். பூ என்பாள்.

"இவங்க எழுத்தெல்லாம் பூ வெக்காம வெளியவே வராது அண்ணா. கொஞ்சம் இருங்க, தாத்தாகிட்ட ஒரு பூ வாங்கிட்டு வந்துடறேன்."

நான் ரப்பருக்காக வாசலில் காத்து நிற்பேன். அவசரமே தோன்றாது.

இதற்கு நடுவில் ஒரு லோடில் கல்லெல்லாம் பொத்தல் பொத்தலாக இருக்கிறது என்று இத்தாலியிலிருந்து புகார் வந்தது. கறுப்புக் கல்லில் ஊசி முனை அளவு குழி இருக்கத்தான் செய்யும். நான் எழுத்து அடித்து முடித்த பிறகு, தங்க வர்ணம் பூசுவதற்கு முன்னால், அதற்குப் பட்டி போடுவோம். பசையில் கறுப்புப் பொடி கலந்து, குழியில் அடைத்து, காய்ந்ததும் பிளேடால் வழித்து, மெழுகு தேய்த்தால் தெரியாது. முதலாளி எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமேல் ஒரு கீறல் கண்ணுல படக்கூடாது. பட்டா, பட்டி போட்டவன் வீட்டுக்குப் போலாம்." பட்டி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு முனிரத்னத்தை மாற்றினார்கள்.

அடுத்த லோடு போனது. எல்லாரும் மறந்துபோன பிறகு ஒரு நாள் காலையில் முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ரோசலி நாற்காலியில் இல்லை, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இத்தாலியிலிருந்து போட்டோ வந்திருந்தது. பளபளவென்று கல். தங்க நிறத்தில் பெயர். ஒரு பெயரின் தலையிலும் பூ இல்லை.

"ஏனம்மா இது? கோடெல்லாம் எங்கே?"

"போட்டேன் சார்." கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். அதில் இருந்தது.

"இது அப்போ போட்டதா, நேத்து லெட்டர் வந்ததும் போட்டதா?"

"அப்பவே சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ அடிக்கறப்போ கோடு இருந்துச்சா?"

ரோசலியும் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன்? முகமூடிக்குள் இருந்துகொண்டு, புழுதிக்குள், ஒரு நாளைக்கு எத்தனையோ கல் அடிக்கிறவன். பெரிய குழி, சின்னக் குழி, எல்லாமே எனக்குக் குழிதான். "தெரியல சார்" என்றேன்.

பிறகு முதலாளி நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். இத்தாலிக்கு மெயில் அடிக்க அவளை விட்டால் அங்கே ஆள் இல்லை. அவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். தப்பு எங்களுடையதுதான், மன்னிக்க வேண்டும், தப்பு செய்த ஆபரேட்டரை வேலையிலிருந்து எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் அவள் விரல் நின்றது. அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் அடித்தாள். எந்தெந்தப் பெயர் என்பதையும் போடச் சொன்னார். அவள் தாத்தாவைத் திறந்து, பாட்டியைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் பூ வாங்கி வைத்தாள். வேலையை விட்டுப் போகச் சொன்ன பிறகும் ஒன்றைக்கூட விடவில்லை.

போகும்போது என் ஷெட்டுக்கு வந்தாள், டிபன் பையோடு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

"அண்ணா, நான் போட்டேன்னுதான் நெனச்சேன். போடாமயே போட்டதா நெனச்சுட்டேனோ?"

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"பின்ன எங்க போச்சு அண்ணா? கல்லுல இருந்து எழுந்து போயிடுமா?"

பஸ் வந்துவிட்டது என்று ஓடினாள்.

முனிரத்னம் அப்போது மச்சான் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். திரும்பி வந்தவனிடம் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். பாதியிலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"பூவா? எழுத்து மேல, சாஞ்சாப்ல? நகம் கீறின மாதிரி?"

"ஆமாடா."

"அய்யோ, அத்தனையும் நான் பட்டி போட்டு மூடிட்டேண்டா! கல்லு கீறியிருக்குதுன்னுல்ல நெனச்சேன்!"

மூலை உடைந்து பெட்டியில் ஏறாமல் போன ஒரு கல் காம்பவுண்டு ஓரமாகக் கிடந்தது, அதே லோடு. முனிரத்னம் ஆணியை எடுத்துக் கடைசி எழுத்தின் தலையில் சுரண்டினான். எங்கே சுரண்டுவது என்றே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான பட்டி. சுரண்டச் சுரண்டக் கறுப்புப் பசை உதிர்ந்தது. உள்ளே பூ இருந்தது.

முதலாளியைக் கூட்டி வந்து காட்டினோம். குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்ல வேண்டும்.

"மெயில் போயாச்சுப்பா. அவங்களும் சரின்னுட்டாங்க. இப்போ தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல, பட்டி போட்டவன் மேலன்னு இன்னொண்ணு அனுப்பினா, இருக்கற ஆர்டரும் போயிடும். விடுங்க." இரண்டடி போய்த் திரும்பி முனிரத்னத்திடம் சொன்னார்: "பட்டி மட்டும் இதே மாதிரி போடு."

ரோசலி நம்பருக்கு ஆபீஸ் பையனைப் போன் அடிக்கச் சொன்னேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று கன்னடத்தில் ஒரு பெண் சொன்னாள். மறுபடி மறுபடி அவளேதான் சொன்னாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிரத்னமும் நானும் ஒக்கலிபுரம் போனோம். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால் பூட்டு. பக்கத்து வீட்டம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தார்.

"அவங்களா? காலி பண்ணிட்டாங்களே. கோலார் பக்கம்னாங்க. இல்ல, திருப்பத்தூரோ என்னமோ."

"ரோசலி வேலைக்குப் போகுதாம்மா?"

"எங்க வீட்டுக்காரரே ஒரு எடத்துல கம்ப்யூட்டர் வேலைக்குச் சொல்லி வெச்சாரு. மாட்டேன்னுடுச்சு. நான் போட்டேன்னு நெனச்சா போட்டிருக்க மாட்டேன் ஆண்ட்டி, என்னை நம்பி யாரும் எழுத்து வேலை தராதீங்கன்னுச்சு. திரும்பவும் கார்மெண்ட்ஸ்க்கே போயிட்டிருந்துச்சு."

முனிரத்னம் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். அந்தம்மா தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை.

அந்த ஃபேக்டரி இப்போது இல்லை. இத்தாலி ஆர்டர் ஒன்றொன்றாக நின்றுபோனது. அந்த இடத்தில் பி.ஜி. ஹாஸ்டல் கட்டி, பால்கனி முழுக்கப் பிள்ளைகள் துணி காயப்போட்டிருக்கிறார்கள். உடைந்த கல்லையும் காணோம், எந்த அஸ்திவாரத்தில் போட்டு மூடினார்களோ. முதலாளி போய்விட்டார். முனிரத்னமும் போய்விட்டான். இத்தாலி முழுக்கக் கல்லறைக்குக் கல் செய்தவன், அவனுக்கு மேலே மண்தான். அதிலும் இந்த மழைக்கு எந்த மேடு அவனுடையது என்று தெரியவில்லை. அந்தக் கல்லைச் சுரண்டிப் பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் பாக்கி. எனக்கும் நெஞ்சு முழுக்கக் கல் மாவு, டாக்டர் போட்டோ எடுத்துக் காட்டினார்.

கிடைப்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இவ்வளவு பெரிய பெங்களூரில், அதுவும் இங்கேதான் இருக்கிறாளோ என்னவோ. இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் தெருவில் கார்மெண்ட்ஸ் போகிறவர்கள் இருப்பார்கள். ஒக்கலிபுரத்திலிருந்து பொம்மசந்திராவுக்குக் கல் ஃபேக்டரி வேலைக்கு வந்துபோன ரோசலி என்று யாராவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தலை நரைக்க ஆரம்பித்திருக்கும். இருந்தால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: எல்லாப் பூவையும் நீ வைத்திருந்தாய் அம்மா. கல்லைச் சுரண்டிப் பார்த்தோம், உள்ளே இருந்தது.