அக்கா பிள்ளையும் கப்பிக் குஞ்சுகளும்

எங்கள் வீட்டில் அந்தக் கோடையில் இரண்டு பிரசவம். முதல் பிரசவம் நடந்தது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள். மருத்துவச்சி இல்லை, வெந்நீர் இல்லை, பக்கத்தில் இருந்த ஒரே ஆள் நான்தான். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவில் இருந்தேன். எண்பதுகளின் கடைசி அது. மரக்காணத்தில் பெண்பிள்ளைக்குக் கோடை லீவு என்றால் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். அம்மாவும் அப்பாவும் விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பாட்டில் மாமா கொடுத்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி, பாண்டிச்சேரியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எதற்கும் உதவாத ஒன்றைக் கொண்டுவருவது அவர் வழக்கம். அதற்கு முந்தின தடவை முள் இல்லாத கைக்கடிகாரம். இந்தத் தடவை ஒரு கப்பி மீன். சாம்பல் நிறம், உப்பின வயிறு, அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

"ஆம்பள கப்பிதான் கலர் கலரா இருக்கும். இது பொம்பள. சினையா இருக்குது, குட்டி போடும் பாரு" என்றார் மாமா.

மீன் முட்டைதான் போடும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். மாமாவை நம்பி யாரும் உருப்பட்டதில்லை என்பது அம்மாவின் கட்சி. ஆகவே நான் டீச்சர் பக்கமும் அம்மா பக்கமும் நின்றேன். மாமா சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஆனால் மீன் குட்டிதான் போட்டது. அன்று உப்பளத்தில் வேலை இல்லாததால் அம்மா வீட்டில் இருந்தாள். மத்தியானம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் மீனின் வயிற்றடியிலிருந்து ஒரு துளி சுருண்டு விழுந்து, விழுந்த வேகத்திலேயே நிமிர்ந்து நீந்தியது. இமை மயிர் அளவுக்கு ஓர் உடம்பு, அதில் பாதி கண். நான் கைதட்டி முடிப்பதற்குள் தாய் மீன் திரும்பி அதை விழுங்கிவிட்டது. அடுத்து விழுந்ததையும் துரத்திக்கொண்டு போனது. நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பின்னாலேயே அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து எட்டிப் பார்த்தாள்.

அக்காவைத் திண்டிவனம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு என்மேல் கோபம் பொங்கிவிட்டது.

"பெத்ததைத் திங்கிறதப் புள்ளத்தாச்சிக்குக் காட்டுறியாடி? அறிவு இருக்குதா உனக்கு? தூக்கிக்கினு போ அந்தாண்ட!"

தோட்டத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். டீ வடிகட்டியால் தாய் மீனைப் பிடித்து வேறு டப்பாவில் போட்டேன். மிச்சமிருந்த குஞ்சுகளுக்கு, அடிப்பாகம் மட்டும் முழுசாக இருந்த ஓர் உடைந்த பானை கிடைத்தது; அதுதான் என் மீன் சட்டி. அதில் ஒரு பிடி பாசியைப் போட்டு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். அது உப்புக் கரிக்கும் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான் ஆகும். குடிக்கிற தண்ணீரை, நாங்கள் சொல்கிற நல்ல தண்ணியை, ஊர்க்கோடி அடிபம்பில் வரிசையில் நின்று அம்மா ஒரு குடம் கொண்டுவருவாள். அந்தக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு முகம் கழுவினேன் என்பதற்காக நான் வாங்கிய அடி தெருவுக்கே தெரியும். மீன் குஞ்சுக்கு நல்ல தண்ணீர் கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

தீனிதான் பெரும்பாடு. கடையில் விற்கும் மீன் தீனியை வாங்கித்தா என்று கேட்டால் அப்பா சிரிப்பார், அவ்வளவுதான். சோற்றுப் பருக்கையை நசுக்கிப் போட்டேன்; தண்ணீர் நாறியது, சில குஞ்சுகள் மிதந்தன. மாமா அடுத்த தடவை வந்தபோது, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி ஆட்டு, இல்லையென்றால் உயிரோடு இருக்கும் பூச்சி போடு என்றார். முட்டை அக்காவுக்கு மட்டும்தான் அவித்தார்கள். அவள் யாரும் பார்க்காதபோது மஞ்சள் கருவில் ஒரு கிள்ளு எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள். "எனக்குக் குமட்டுதுடி, உன் புள்ளைங்களுக்குப் போடு" என்பாள். குமட்டுகிறவள் மிச்சத்தை மட்டும் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உயிருள்ள பூச்சி என்றதும் எனக்கு உப்பளம்தான் ஞாபகம் வந்தது. கடல் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பாத்திகளில் வெயில் ஏற ஏறத் தண்ணீர் சிவக்கும். கையில் அள்ளிப் பார்த்தால் பொடிப்பொடியாகச் சிவப்புப் பூச்சிகள் துள்ளும். எங்கள் ஊரில் யாரும் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அதைக் கொஞ்சம் கொண்டுவா என்று அம்மாவைக் கெஞ்சினேன்.

"நாள் பூரா உப்பு செமக்கிறது பத்தாதா? உன் மீனுக்குப் புழுவ வேற நான் செமந்துகினு வரணுமா?" என்றாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது பிரசவம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். வாடகை வேன் பிடித்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் கழித்து, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றின ஒரு சின்ன மூட்டையோடு திரும்பி வந்தார்கள். மூட்டைக்குள் ஒரு பையன். அப்பாவின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். பால் உறிஞ்சத் தெம்பில்லை. அக்கா பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள். பாதி கடைவாயில் வழிந்துவிடும். அழுகை வெளியே கேட்காது, முகம் மட்டும் கோணும்.

பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எட்டாம் மாசமா?" ஆமாம் என்றதும் உச்சுக் கொட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். ஏழாம் மாதத்தில் பிறந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளும், எட்டில் பிறந்தது தங்காது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் கணக்கு. எட்டு ஏழைவிடப் பெரியதுதானே, இவர்களுக்குக் கணக்கே தெரியவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா மாறினாள். அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள், தோட்டத்திலிருந்த என் சட்டியை அவளே தூக்கிவந்து அக்கா படுத்திருந்த அறையில், பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். அக்கா கண்ணில் காட்டாதே என்று விரட்டியவள்! அன்று சாயந்திரம் உப்பளத்திலிருந்து வரும்போது தூக்குவாளியில் சிவப்புப் பூச்சி கொண்டுவந்தாள். கண் ஓரத்திலும் புருவத்திலும் உப்புப் பூத்திருக்க, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, பழைய துணியில் பூச்சியை வடிகட்டி அலசி, அக்கா பார்க்கச் சட்டியில் உதறினாள். குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. அக்கா ஒருக்களித்துப் படுத்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாலாடையைக் கையில் பிடித்தபடி சட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் கெஞ்சிய கெஞ்சலில் அம்மாவின் மனம் இளகிவிட்டது என்று நம்பினேன். அம்மாவுக்கும் மீன் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமை அடித்தேன்.

பெருமை கொஞ்ச நாள்தான். காலையில் நான் எழுந்துவரும்போது வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில்கூட அம்மா சட்டிக்குள் விரலை விட்டு எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பாள். என் சட்டியில் இவளுக்கு என்ன வேலை என்று எரிச்சலாக வரும். ஒருநாள் அக்கா எதிரிலேயே சொன்னேன்.

"குஞ்சு கொறைஞ்சுகினே வருதும்மா. நேத்துகூட நெறைய இருந்திச்சு."

அம்மா என் தொடையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். உயிர் போய் வந்தது.

"எல்லாம் பாசிக்குள்ளதான் இருக்குது. உனக்குக் கண்ணு நொள்ளையா? வாய மூடிக்கினு போ." அக்காவிடம் திரும்பியபோது அவள் குரல் தேன். "ஒளிஞ்சுக்கினு வெளையாடுதும்மா. அதுங்க நல்லாத்தான் இருக்குது."

உள்ளதைச் சொன்னதற்கு அடி, பொய்க்குத் தேன் குரல். அம்மா நியாயம் தெரியாதவள் என்று முடிவு கட்டினேன்.

பிள்ளையைப் பார்க்க மாமா வந்தார். சட்டியையும் பார்த்தார். குஞ்சுகள் வாலை ஒடுக்கிக்கொண்டு தண்ணீர் மட்டத்திலேயே நின்றன. "சோந்து போயிருக்குது. கொஞ்சம் கல்லுப்பு போடுங்க, சரியாய்டும்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல பஸ் ஏறிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பா. பாண்டிச்சேரிக்காரர் சொல்லும் கொஞ்சம் வேறு, உப்பளத்துக்காரர் கையில் வரும் கொஞ்சம் வேறு. வாழ்நாள் எல்லாம் உப்பைக் குவியலாகவே பார்த்த மனிதர் அப்பா. நல்ல மனதோடு ஒரு பிடி அள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் சுழல ஆரம்பித்தன. ஒன்றிரண்டு மல்லாந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அலறினாள். பிள்ளை பெற்றபோதுகூட அப்படி அலறியிருக்க மாட்டாள்.

அம்மா அப்போதுதான் அடிபம்பிலிருந்து குடத்தோடு உள்ளே வந்தாள். அக்காவுக்குக் காய்ச்சிக் கொடுக்கவும் உலை வைக்கவும் இருந்த ஒரே குடம் நல்ல தண்ணி. சட்டியைப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்தாள். என்னை வடிகட்டியைப் பிடிக்கச் சொல்லி உப்புத் தண்ணீரைச் சாய்த்தாள். பிறகு குடத்தைச் சரித்து, குஞ்சுகள்மேல் படாமல் ஓரமாக, மெல்ல மெல்ல ஊற்றினாள். திரும்பவும் சாய்த்தாள், திரும்பவும் ஊற்றினாள். குடம் காலியாகும்வரை ஊற்றினாள். ஒரு சொம்புக்காக என்னைத் தெருவில் துரத்தி அடித்த அம்மா. நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்பா சுவரோரம் ஒதுங்கி, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில குஞ்சுகள் நிமிர்ந்தன. வாலை விரித்துப் பாசிக்குள் ஓடின. "பாத்தியா, நல்லா இருக்குது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஊர்க்கோடிக்கு நடந்தாள். அன்று முழுக்க வெயிலில் உப்புச் சுமந்தவள். மீனுக்காகவா இவ்வளவு என்று நினைத்தேன். எனக்கு அம்மாமேல் அன்று வந்த பாசத்துக்கு அளவில்லை.

அதற்குப் பிறகு சாவு நின்றது. தப்பியவை கொஞ்சம்தான், ஆனால் மளமளவென்று வளர்ந்தன. ஒன்றின் வாலில் ஆரஞ்சு நிறம் வந்தது. பையனும் தேறினான். பாலாடையைத் தள்ளிவிட்டு நேராகவே குடிக்க ஆரம்பித்தான். ஒருநாள் அவன் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. எட்டாம் மாதக் கணக்குப் போட்ட பெண்களே வந்து, திருஷ்டி கழிக்க உப்பைச் சுற்றி நெருப்பில் போட்டுவிட்டுப் போனார்கள்.

பிள்ளைக்குப் பெயர் வைத்த மறுநாள் காலை. அம்மா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் மாற்றத்தான் போகிறாள் என்று பின்னாலேயே போனேன். ஊர்க் குளத்தில் இறங்கி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சட்டியைக் கவிழ்த்தாள். ஆரஞ்சு வால் ஒருமுறை தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை.

படிக்கட்டில் விழுந்து புரண்டு அழுதேன். மனசாட்சி இல்லாதவள், கொலைகாரி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா சட்டியைக் கழுவிவிட்டு, "வாடி, வூட்டுக்குப் போவலாம்" என்றாள். வெகுநாள் அவளோடு நான் பேசவில்லை. வளர்ந்த பிறகும் எங்களுக்குள் சண்டை வந்தால் அந்த மீனைத்தான் முதலில் இழுப்பேன்.

என் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தபோதும் இழுத்தேன். எனக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆசையாக வளர்த்துவிட்டு எப்படி மனசு வந்தது உனக்கு என்று கேட்டேன். அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஆசையாவது ஒண்ணாவது. எனக்கு அதுங்களைக் கண்டாலே ஆவாது. உங்க அக்கா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கு அந்தச் சட்டியப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டாடி. இத்தினியூண்டு மீனு பொழைச்சா எம்புள்ளயும் பொழைச்சுக்கும்மான்னு. நான் இன்னா பண்ணுவேன்? தெனம் காலையில செத்து மெதக்குது. அவ முழிக்கிறதுக்குள்ள பொறுக்கிப் போட்டுட்டு வேலைக்கு ஓடுவேன்."

"அதான் பிள்ளை பொழைச்சிட்டானே. அப்புறம் ஏம்மா கொட்டின?"

"பொழைச்சிட்டான். மீனு எத்தினி நாளைக்கு இருக்கும்? என்னிக்காவது சாவுமில்ல? அது வூட்டுல சாவக் கூடாதுடி. அது எப்போ செத்துதுன்னு அவளுக்குத் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. கொளத்துல வுட்டா, இருக்குதுன்னே நெனைச்சிக்கலாம்."

அதைச் சொல்லிவிட்டு அடுத்த சொம்பை ஊற்றினாள்.

அன்று குளக்கரையில் அழுதுகொண்டே நான் இன்னொன்றும் செய்தேன். ஏதாவது ஒன்று செத்து மேலே வந்திருக்கிறதா என்று குனிந்து தண்ணீருக்குள் தேடினேன். அம்மா ஓடிவந்து பின்னாலிருந்து என் கண்ணைப் பொத்தினாள். உப்பு அரித்துச் சொரசொரத்த உள்ளங்கை. பொத்தின கையை எடுக்காமலே என்னைப் படியேற்றித் தெருவரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். அடிக்கத்தான் இழுத்துப் போகிறாள் என்று நினைத்து, நான் அந்தக் கையைக் கடித்தேன்.