உறைக்குள் ஒரு சீட்டு

என் அண்ணனிடம் ஆயிரத்து நானூறு சின்ன இசைத்தட்டுகள் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள ஏழு அங்குலத் தட்டுகள். பழைய சாமான் கடைக்காரர்கள் சிங்கிள் என்பார்கள். எல்லாமே யாரோ ஆசையாக வாங்கி, தேயத் தேயக் கேட்டு, பிறகு வேண்டாம் என்று தள்ளியவை. ஒவ்வொன்றின் உறைக்குள்ளும் அண்ணன் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். இது யாருடையது, எதற்கு வாங்கினார், ஏன் கொடுத்துவிட்டார் என்று நாலு வரி. ஒரே ஒரு சீட்டில் மட்டும் எழுதியிருப்பது உண்மையல்ல. அது அண்ணனுக்குத் தெரியாது. எனக்கும் அண்ணிக்கும் தெரியும்.

அண்ணன் சலவைக் கடையில் கறை எடுப்பவர். முன்பக்கம் நின்று துணி வாங்கிக் கொடுப்பவர்கள் வேறு. இவருக்குப் பின்னறையில் ஒரு மேசை, ஒரு நீராவிக் குழாய், பதினொரு புட்டிகள். மையோ எண்ணெயோ ரத்தமோ, துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு எந்தப் புட்டி என்று சொல்லிவிடுவார். அவர் தொழிலில் ஒரே விதிதான். எந்தத் திரவமானாலும் முதலில் மடிப்பின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். துணி தாங்கினால்தான் மேலே போகலாம். நாற்பது வருடத்தில் அவர் ஒரு துணியைக்கூடக் கெடுத்ததில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எங்கள் உயிரை வாங்குவார்.

நான் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள். ஒரு "ஹலோ" போதும், ஆள் யார், நல்ல மனநிலையில் இருக்கிறாரா, பொய் சொல்லப் போகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் காதால் எனக்கு வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்பு பாடிக்கொண்டிருந்தார். கிதாரும் டிரம்ஸும் வைத்திருந்த நான்கு பையன்கள், பாடுவதற்கு இரண்டு பெண்கள். ஒரு சின்னக் கம்பெனி அவர்களை வைத்து ஒரே ஒரு சிங்கிள் போட்டது. பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தி நிறுத்தத்தில் நின்று புலம்புகிற பாட்டு. இருநூறு பிரதி அச்சடித்தார்கள். முப்பது விற்றிருந்தால் அதிகம். மிச்சத்தைக் கம்பெனியே உருக்கிவிட்டது. வீட்டில் இருந்த ஒரே பிரதியின் மேல் எங்கள் அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைத்துவிட்டார். தட்டு நெளிந்து கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணிதான் அதிகம் சிரித்தார். தட்டு போனால் என்ன, பாடினவர் இங்கேதானே இருக்கிறார் என்று விட்டுவிட்டோம்.

அவர்கள் மகளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது அண்ணியின் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. அதற்குள் ஒரு கேசட்டிலாவது அவர் பேச்சைப் பதிந்துவைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நாளைக்கும் பேசப் போகிறவர்தானே என்று இருந்துவிட்டோம். இதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அண்ணியின் கைக்கு ஒரு சிலேட்டு வந்தது. அவசரத்துக்கு விரல் நகத்தால் மேசையையோ சுவரையோ தட்டுவார். ஒருமுறை தட்டினால் இல்லை, இருமுறை தட்டினால் ஆமாம். குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தது.

அண்ணன் அந்த சிங்கிளைத் தேட ஆரம்பித்தது அப்போதுதான். மகள் ஒருமுறையாவது தன் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. விடுமுறை நாளானால் பழைய சாமான் கடை, வீடு காலி செய்கிறவர்கள், இறந்தவர்களின் பொருளை வாசலில் போட்டு விற்பவர்கள் என்று ஒன்று விடமாட்டார். போன இடத்தில் அது இருக்காது. வேறு ஏதாவது ஒரு தட்டோடு வருவார்.

"அது கிடைக்கலன்னா சும்மா வர வேண்டியதுதானே அண்ணா? இதை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

"கொடுக்கிறவங்க ஏதோ சொல்றாங்க. கேட்டுட்டு வெறுங்கையோட எப்படிக் கிளம்புறது?"

அப்படிச் சேர்ந்ததுதான் இந்த ஆயிரத்து நானூறும். ஒன்றின் முன்பக்கம் தேய்ந்து வெளுத்திருக்கும், பின்பக்கத்தில் ஒருமுறைகூட ஊசி பட்டிருக்காது. "வீட்டுக்காரர் இறந்த பிறகு திருப்பிப் போட மனசு வரவில்லை" என்று சீட்டு. இன்னொன்றில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பெயர், அதன்மேல் அதே சாயத்தால் அடித்தல். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகள் இரண்டு வேறு வீடுகளிலிருந்து வந்தன. இரண்டிலும் "உனக்கு மட்டும்" என்று ஒரே ஆணின் கையெழுத்து, ஒரே மாதம். அண்ணன் ஒன்றை அலமாரியின் இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் வைத்திருக்கிறார்.

"ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமலே இருக்கட்டும்," என்றார்.

தட்டு வந்ததும் குளிப்பாட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வடித்த தண்ணீர், ஸ்பிரிட், இரண்டு சொட்டு சோப்பு. மெல்லிய துணியால் வட்டமாகத் துடைப்பார். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது என்று அதைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுவிடுவார். அழுக்குத் தட்டின் மேல் ஊசியை வைப்பது அவருக்குக் கொலைக்குச் சமம். அவசரப்பட்டு வைத்த மகளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்.

போன வருடம் ஏதோ ஒரு சேலையைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"உனக்கு அவ குரல் ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. ஏன்?"

"எனக்குப் போயிடுச்சு. கனவுல வர்றா, வாய் அசையுது. சத்தம் வேற யாரோடதோ. காலையில எழுந்து எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கட்டின மனைவியின் குரல் எப்படி ஐயா மறக்கும்? பிறகு அவர் கையைப் பார்த்தேன். காலரில் கறை எப்போதோ போயிருந்தது. இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் சேலையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. புதன்கிழமை விமானம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பழைய ஒலிப்பதிவுக்காரரின் மகன் அண்ணனை வரச்சொன்னார். அப்பா இறந்துவிட்டார், அறையைக் காலி செய்கிறோம், ஏதோ தட்டுகள் இருக்கின்றன, பணமெல்லாம் வேண்டாம் என்றார். அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மூன்றாவது அடுக்கில் அது இருந்தது. அச்சடித்த காகிதம் இல்லை. வெள்ளைக் காகிதத்தில் பென்சில் எழுத்து. பஸ் பாட்டின் முதல் வரி, தேதி, "இரண்டு பெண்கள், நான்கு பையன்கள், மூன்றாம் தடவை". அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா அடிக்கடி சொல்வார் சார்," என்றார் அந்த மகன். "இது தட்டு இல்லை, தட்டுக்கு முந்தினதுன்னு. பாடி முடிச்ச உடனே கேட்டுப் பாக்கறதுக்காக வெட்டுவாங்களாம்."

அண்ணன் காதில் அது விழவே இல்லை. என் காதில் விழுந்தது, ஆனால் எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. வழியெல்லாம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு கனம் பாரு, அந்தக் காலத்துச் சரக்கு," என்று பூரித்துக்கொண்டே வந்தார். அதன்மேல் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ பூத்திருந்தது. பூஞ்சை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். மகள் பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு வந்தாள். அண்ணி ஈரக் கையோடு கதவருகில் நின்றார். முப்பது வருடம் தேடிய பொருள், அதை அழுக்கோடு போடுவாரா? புட்டியை எடுத்தார். தண்ணீர், ஸ்பிரிட், சோப்பு.

துணி உடனே கறுத்தது.

"எவ்வளவு அழுக்கு, பாத்தியா!" என்று மகளிடம் காட்டிச் சிரித்தார். இன்னொரு துணி எடுத்தார். அதுவும் கறுத்தது. மூன்றாவது துணி. எனக்கு இப்போதும் அந்தச் சிரிப்பு கண்ணில் நிற்கிறது. அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஊசியை வைத்தார். வெறும் இரைச்சல். கம்பியை ஆட்டிப் பார்த்தார், சத்தத்தைக் கூட்டினார். இரைச்சல்தான் பெரிதானது. அப்புறம்தான் குனிந்து தட்டைப் பார்த்தார். கறுப்புக்கு நடுவே தகரம் மாதிரி பளபளவென்று தெரிந்தது. உலோகத் தகடு அது. மேலே பூசிய மெல்லிய அரக்குப் பூச்சில்தான் பாட்டு இருந்தது. அரக்கை ஸ்பிரிட் கரைக்கும் என்று அண்ணனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வாரத்துக்கு நான்கு துணியில் அரக்குக் கறை எடுக்கிறவர். அந்த மூன்று துணிகளில் இருந்தது அழுக்கில்லை, அண்ணியின் பாட்டு.

"ஒரு சொட்டு விட்டுப் பாத்திருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். "ஊர்ச் சட்டைக்கெல்லாம் பாப்பீங்க, இதுக்குப் பாக்கக் கூடாதா?"

அண்ணன் அந்தத் துணிகளை மடியில் வைத்து நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தார். நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கத்திவிட்டேன்.

யாரும் ஊசியை எடுக்கவில்லை. அது பாட்டுக்கு உள்ளே உள்ளே போய், காகிதத்தைச் சுற்றி அண்ணன் நனைக்காமல் விட்ட ஒரு விரல் அகலத்துக்கு வந்துசேர்ந்தது. திடீரென்று டிரம்ஸ் இரண்டு அடி. கிதார் ஒரு இழுப்பு. அமைதி. பிறகு ஒரு ஆண் குரல் தெளிவாகச் சொன்னது:

"போதும்மா, நல்லா வந்திருக்கு. வீட்டுக்குப் போலாமா?"

"ம்," என்றது ஒரு பெண் குரல். அவ்வளவுதான். தட்டு முடிந்துவிட்டது.

"அவதான்!" அண்ணன் எழுந்து நின்றார். கண்ணில் பொலபொலவென்று நீர். "கேட்டியாடா? உங்க அம்மா! அம்மாதான் அது!" என்று மகளைப் பிடித்து உலுக்கினார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "நீதானே? சொல்லு, நீதானே?"

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அண்ணியின் "ம்" கீழே இறங்கி முடியும். எத்தனை பகல் அவரோடு போனில் பேசியிருக்கிறேன். இது மேலே ஏறியது. குரலும் மெல்லியது. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி தன் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவு நிலையில் நகத்தால் இருமுறை தட்டினார்.

அதற்குப் பிறகு மகள் அந்த ஒரு வினாடியை எட்டுத் தடவை போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அழுதாள். போனில் பதிந்துகொண்டாள். நான் அடுப்படிக்குப் போனேன். அண்ணி பின்னாலேயே வந்து, சிலேட்டை எடுத்து எழுதினார்: "பக்கத்தில் நின்ற பெண். நான் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தேன்." நான் படித்ததும் உள்ளங்கையால் அழித்துவிட்டு, மீதிப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார்.

சீட்டு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. "என் மனைவி, பத்தொன்பது வயதில். ஒரு வினாடி. மீதியை நான் அழித்துவிட்டேன்." கடைசி வரி மட்டும் உண்மை.

அண்ணன் இப்போது தட்டு தேடிப் போவதில்லை. "கிடைச்சாச்சே, இனிமே எதுக்கு?" என்கிறார். விற்றுப்போன அந்த முப்பது பிரதிகளில் ஒன்று எங்காவது ஒரு வீட்டில், ஒரு பெட்டியின் அடியில் கிடக்கலாம். தேடுங்கள் என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானே இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். பெட்டி பெட்டியாகக் கிளற என் முட்டி ஒத்துழைக்கவில்லை, அண்ணனுக்கு இருந்த பொறுமையும் எனக்கு இல்லை. விட்டுவிட்டேன். இப்போது அவருக்கு அந்தக் குரல் ஞாபகம் வந்துவிட்டதாம். கனவில் அண்ணி பேசுகிறாராம். என்னிடம் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். நான் "நல்லது அண்ணா" என்கிறேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைப்பார்.

"அம்மா, இந்த வாரமும் தினமும் உன் குரலைக் கேட்டேன்மா. நான் கேக்கும்போது உனக்குத் தெரியுதா?"

அண்ணி குனிந்து போனை நகத்தால் இருமுறை தட்டுகிறார்.