கேரம் கிளப்பில் நான் எழுதிய பலகை

என் மகள் வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆடுகிறவன் ஒன்றைச் சாதித்தால் திரையில் என்ன குறி மின்ன வேண்டும், எங்கே மின்ன வேண்டும் என்று யோசிப்பதற்குத்தான் சம்பளமாம். "உனக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்றாள் போன வாரம். எனக்கா புரியாது? எழுபதுகளிலேயே ராயபுரத்தில் ஒரு கேரம் கிளப்புக்கு அந்த வேலையைச் சும்மா செய்து கொடுத்தவன் நான். அதற்காக அடி வாங்க இருந்தவனும் நான்தான்.

அப்போது எனக்குத் துறைமுகத்தில் மரப்பெட்டிகளுக்குக் குறி போடும் வேலை. உடையும் சரக்கென்றால் கண்ணாடிக் கோப்பை, நனையக் கூடாதென்றால் குடை. எந்த ஊர்க்காரன் தூக்கினாலும் புரிந்துவிடும். கிளப்பிலும் பாதிப் பேருக்குப் பெயரைத் தாண்டி எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால் போட்டி தொடங்கியதும் வாசலுக்கு எதிரே கறுப்படித்த பலகை மாட்டி, பெட்டிக்குப் போடுகிற மாதிரியே எழுதினேன். ஒரே மூச்சில் எல்லாக் காயையும் போட்டவன் பெயருக்கு நேரே துடைப்பம். ரெட்டும் ஃபாலோவும் போட்டால் சிவப்புப் பொட்டு. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கூட்டல் குறி; தூரிகையை இரண்டு இழுப்பு இழுத்தால் முடிந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் அண்ணன் ஒருவர் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தார். மறுநாள் ஆள் குறைவென்று கப்பலில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தார். வீட்டுக்குத் தகவல் இல்லை. காலையில் அவரைத் தேடி வந்த மனைவி கிளப் வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். கணவர் பெயர், பக்கத்தில் வெள்ளையாக மூன்று சிலுவை.

அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, எங்க வூட்டுக்காரருக்கு இன்னாடா ஆச்சு? சொல்லாம கொள்ளாம குருசு போட்டு வச்சிக்கீறீங்களே!"

அவர்கள் மாதாகோயில் தெருக்காரர்கள். அங்கே கல்லறையில் பிறந்த தேதிக்கு நட்சத்திரம், இறந்த தேதிக்குச் சிலுவை. எங்கள் குப்பத்தில் அந்த வழக்கம் இல்லைதான். ஆனாலும் இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவனுக்கு இது தோன்ற வேண்டாமா? இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"அக்கா, அது ஜெயிச்சதுக்குப் போட்டது, பிளஸ்சு" என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. அரை மணி கழித்து அண்ணனே கிரீஸ் கையோடு வந்து நின்றார். "இன்னாம்மே, உசுரோடதான கீறேன்!"

அக்கா அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "அழிடா அத்த. நட்சத்திரம் போடு."

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு நட்சத்திரம் போட்டேன். பைனலிலும் அண்ணன்தான் ஜெயித்தார்.

சில வருஷத்தில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். கல்லறையில் நடுகிற மரச்சிலுவைக்குப் பெயர் எழுத அக்கா என்னிடம்தான் வந்தார். எழுதி முடித்ததும், "கீழ அந்த நட்சத்திரத்தையும் போட்டுடு" என்றார். மூன்று போட்டுவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனேன்.

"நாலு" என்றார். "பைனல வுட்டுட்டியே. மீன் வாங்கப் போறப்போ தெனிக்கும் வாசல்ல நின்னு பாத்துகினுதான் போவேன்."

நாலாவதைப் போட்டேன். கண் நிறைந்திருந்ததில் அது கோணலாக வந்தது. அழித்துப் போடவா என்று கேட்டேன்.

"இர்க்கட்டும்" என்றார் அக்கா.